கொங்கு நாட்டு எரிவாயுக் குழாய்த்தடம்

இந்தியா எரிக்கும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. மைனஸ் 162 பாகை செல்சியஸில் திரவமாக்கி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலேற்றப்படும் அது, 2013 முதல் கொச்சியருகே புதுவைப்பு முனையத்திலும் இறங்குகிறது. அதைப் பெங்களூருக்குக் கொண்டுபோகக் கெயில் நிறுவனம் வகுத்த தடம் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 7 மாவட்டங்களின் விளைநிலங்களை ஊடறுத்தது. உழவர் எதிர்ப்பைக் கண்டு 2013-இல் தமிழக அரசு பணியைத் தடுத்தது. அது வழக்காகி, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

குழாய் மண்ணுக்கடியில்தானே, நிலம் உழவரிடமே இருக்கிறதே என்பார்கள். பட்டா கைமாறுவதில்லை, உண்மைதான். ஆனால் 1962-ஆம் ஆண்டுக் குழாய்த்தடச் சட்டப்படி குழாய் செல்லும் நிலப்பட்டையில் கிணறு வெட்டவோ தென்னை வைக்கவோ வீடு கட்டவோ கூடாது; அந்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான தொகையோ நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. கிணற்றையும் தென்னையையும் நம்பிய தோட்டத்துக்கு இது பெரும் இழப்பு. தொழிலுக்கு வாயு தேவை என்பதையும் உழவர்கள் மறுக்கவில்லை; நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றே கேட்டார்கள்.