வேர்முடிச்சு

வேர்முடிச்சு என்பது அவரை, உளுந்து, நிலக்கடலை முதலிய அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்களில் தோன்றும் சிறு உருண்டை போன்ற உறுப்பாகும். இது வேர்முண்டு எனவும் அழைக்கப்படும். இதனுள் வாழும் ரைசோபியம் முதலிய பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரசனை அம்மோனியாவாக மாற்றித் தாவரத்திற்கு அளிக்கின்றன. இதற்கு ஈடாகத் தாவரம், ஒளிச்சேர்க்கையின் மூலம் தான் பெற்ற உணவின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களுக்கு அளிக்கிறது. இவ்வாறு இரு உயிரினங்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வது இணைவாழ்வு எனப்படும்.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரசன் உள்ளது. ஆனால் நைட்ரசன் மூலக்கூறின் இரு அணுக்களும் வலிமையான முப்பிணைப்பால் இணைந்திருப்பதால், தாவரங்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. உரத் தொழிற்சாலைகளில் இப்பிணைப்பைப் பிரிப்பதற்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. வேர்முடிச்சில் அதே வேலை மண்ணின் இயல்பான வெப்பநிலையிலேயே நடைபெறுகிறது.

வரலாறு

இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகி 1679 ஆம் ஆண்டிலேயே வேர்முடிச்சுகளைப் படமாக வரைந்துள்ளார். எனினும் அவர் அவற்றைக் கழலைகள் என்றே கருதினார். 1838 இல் பிரான்சு நாட்டின் பூசிங்கோ, அவரைக் குடும்பப் பயிர்கள் வளரும்போது அவற்றிலுள்ள நைட்ரசனின் அளவு கூடுவதையும், கோதுமையில் அவ்வாறு கூடாததையும் கண்டறிந்தார். இதற்கான காரணத்தை 1886 இல் செருமனியைச் சேர்ந்த எர்மன் எல்ரீகல், எர்மன் வில்பார்த் ஆகியோர் விளக்கினர். நுண்ணுயிர் நீக்கிய மணலில் வளர்ந்த பட்டாணிச் செடிகள் நலிந்தன; வயல் மண்ணின் சாற்றைச் சேர்த்தவை முடிச்சுகளுடன் செழித்தன. 1888 இல் டச்சு அறிவியலாளர் பெய்யெரிங்கு இப்பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். 1889 இல் பிராங்கு என்பவர் அதற்கு ரைசோபியம் எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் இதன் பொருள் வேரில் வாழ்வது என்பதாகும்.

உருவாகும் முறை

பாக்டீரியா விதையிலேயே இருப்பதில்லை. ஒவ்வொரு செடியும் முளைத்த பின்னர் மண்ணிலிருந்தே தனக்குரிய பாக்டீரியாவைப் பெறுகிறது. இது பின்வரும் படிகளில் நிகழ்கிறது.

1. மண்ணில் நைட்ரசன் குறைவாக இருக்கும்போது வேர்கள் பிளேவனாய்டு எனும் வேதிப்பொருள்களைக் கசிய விடுகின்றன. இவற்றை உணரும் பாக்டீரியாவில் சில மரபணுக்கள் தூண்டப்படுகின்றன. அதன் விளைவாகப் பாக்டீரியா, முடிச்சுக் காரணி எனப்படும் வேதிக் குறிப்பைச் சுரக்கிறது.
2. தாவரம் இக்குறிப்பை அடையாளம் கண்டதும் அதன் வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவைச் சூழ்கிறது.
3. வேர்த்தூவியின் உள்ளே தொற்று இழை எனும் நுண்குழாய் உருவாகிறது. பாக்டீரியாக்கள் பெருகியவாறே இதன் வழியாக வேரின் புறணிக்குச் செல்கின்றன.
4. அதே வேளையில் புறணியிலுள்ள உயிரணுக்கள் பிளவுற்று முடிச்சாக வளர்கின்றன. பாக்டீரியாக்கள் தாவரச் சவ்வால் சூழப்பட்ட நிலையில் இவ்வுயிரணுக்களுக்குள் விடப்படுகின்றன. அங்கு அவை பாக்டீராய்டு எனும் நிலைக்கு மாறி நைட்ரசனை நிலைப்படுத்தத் தொடங்குகின்றன.

நிலக்கடலையில் தொற்று இழை உருவாவதில்லை. பக்கவேர்கள் வெளிவரும் இடத்திலுள்ள வெடிப்புகள் வழியாகப் பாக்டீரியாக்கள் நுழைகின்றன.

ஆக்சிசன் சிக்கல்

நைட்ரசனை அம்மோனியாவாக மாற்றுவது நைட்ரசனேசு எனும் நொதி ஆகும். இதில் இரும்பும் மாலிப்டினமும் உள்ளன. ஒரு நைட்ரசன் மூலக்கூறை மாற்றக் குறைந்தது 16 ஏ.டி.பி. மூலக்கூறுகள் செலவாகின்றன. இவ்வளவு ஆற்றலைப் பெறப் பாக்டீரியா சுவாசிக்க வேண்டும். அதற்கு ஆக்சிசன் தேவை. ஆனால் ஆக்சிசன் பட்டால் நைட்ரசனேசு செயலிழந்துவிடும்.

இம்முரண்பாட்டைத் தீர்ப்பது லெக்கீமோகுளோபின் எனும் புரதம் ஆகும். இது நமது குருதியிலுள்ள ஈமோகுளோபினைப் போன்றது. ஆக்சிசனைப் பற்றிக்கொண்டு பாக்டீராய்டுகளுக்கு எடுத்துச் செல்வதால், கட்டற்ற ஆக்சிசனின் அளவு மிகக் குறைவாகவே இருக்கும். நன்கு இயங்கும் முடிச்சை வெட்டினால் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

தாவரத்தின் கட்டுப்பாடு

முடிச்சுகளைப் பேணுவது தாவரத்திற்குச் செலவு மிக்கது. எனவே போதிய முடிச்சுகள் உருவானதும் மேலும் உருவாகாதவாறு தாவரம் தடுக்கிறது. மண்ணில் நைட்ரேட்டு மிகுந்திருந்தாலும் முடிச்சுகள் குறையும். 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், நைட்ரசன் இல்லாத வளிமத்தில் வைக்கப்பட்ட சோயா முடிச்சுகளுக்குள் பாக்டீரியாக்கள் குறைவாகவே பெருகின. அம்முடிச்சுகளுக்குச் செல்லும் ஆக்சிசனும் குறைந்தது. அதாவது, பயன் தராத முடிச்சுக்கு அளிப்பதைத் தாவரம் குறைத்துக்கொள்கிறது.

பொருத்தமும் விதிவிலக்குகளும்

எல்லாப் பாக்டீரியாவும் எல்லாப் பயிருக்கும் பொருந்துவதில்லை. கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம், சோயாவிற்கு பிராடிரைசோபியம் என வெவ்வேறு பேரினங்கள் தேவை. தட்டைப்பயறு பலவகைப் பாக்டீரியாக்களை ஏற்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சரக்கொன்றை, புளி ஆகியவற்றில் முடிச்சுகள் உருவாவதில்லை. மணிலா அகத்தியில் வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சுகள் உருவாகின்றன. சவுக்கு மரத்தின் வேர்முடிச்சுகளில் இருப்பது பிராங்கியா எனும் வேறொரு பாக்டீரியா ஆகும்.

வேளாண்மையில் பயன்

பயறு விதைத்தாலே மண் வளம் பெறும் என்ற கருத்து முழுவதும் சரியன்று. முடிச்சில் உருவாகும் நைட்ரசன் முதலில் செடிக்கே சேர்கிறது. காய் முற்றும்போது அதன் பெரும்பகுதி விதைப் புரதமாகிறது. பயற்றை அறுவடை செய்து, செடியையும் வேருடன் பிடுங்கி அகற்றிவிட்டால் மண்ணுக்கு எஞ்சுவது சிறிதளவே. செடிகளை மடக்கி உழும்போதுதான், அவை மட்கி நைட்ரசன் அடுத்த பயிருக்குக் கிடைக்கிறது. தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிர்களைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது இதனால்தான்.

பொருத்தமான பாக்டீரியா இல்லாத நிலத்தில் விதைநேர்த்தி செய்வது நன்று. தமிழ்நாட்டில் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் உயிர் உரத்தைக் கலந்து, விதைகளின் மேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கின்றனர். வெயிலில் உலர்த்தினால் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். பூசணக்கொல்லியை இதனுடன் ஒரே நேரத்தில் கலப்பதில்லை.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை வெட்டிப் பார்க்கலாம். இளஞ்சிவப்பு நிறம் செயல்படும் முடிச்சையும், பச்சை முதிர்ந்த முடிச்சையும் காட்டும். வெண்மையாக இருப்பவை இளம் முடிச்சுகளாகவோ பயனற்றவையாகவோ இருக்கலாம். நூற்புழுத் தாக்குதலாலும் வேரில் வீக்கங்கள் தோன்றும். பாக்டீரியா முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் எளிதில் உதிர்க்கலாம். நூற்புழுவினால் வேரே பருத்துவிடுவதால் அவ்வீக்கத்தை அவ்வாறு பிரிக்க இயலாது. முன்னது பயிரின் துணை, பின்னது நோய்.

இவற்றையும் பார்க்கவும்

நைட்ரசன் சுழற்சி
பசுந்தாள் உரம்
உயிர் உரம்
இணைவாழ்வு