பாட்டுக்கு நம்பர் போட்ட கதை

போன கிழமை பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், யொஹானியிட 'மெனிகே மகே ஹித்தே' யூடியூப்ல கோடிக்கணக்குல போனதே, எங்கட தமிழ்ப் பாட்டு ஒண்டும் அப்பிடி முதலாவது வரல்லையா?" சமூகக் கல்விப் பாடம் அன்று அத்தோடு முடிந்தது. கட்டைபறிச்சானில் இருந்துகொண்டு நாங்கள் சொன்ன பதிலைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறோம்.

தெற்காசியாவில் பாட்டுகளை வாரம் வாரம் வரிசைப்படுத்தும் பழக்கத்தைப் பிரபலப்படுத்தியது எங்கட நாட்டு வானொலிதான். இரண்டாம் உலகப் போரில் எங்கட துறைமுகத்துக்குக் கப்பற்படை வந்தது போல, மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தோடு ஏக்கலைக்குப் பலமான ஒலிபரப்பி வந்தது. போர் முடிய அது இலங்கையின் கைக்கு வந்தது. 1952இல் இந்தியத் தகவல் அமைச்சர் கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஓரம் கட்டினார். ரசிகர்கள் அப்படியே ரேடியோ சிலோன் பக்கம் திரும்பினார்கள்.

அதே வருடம் டிசம்பர் 3, புதன்கிழமை இரவு, 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பினாக்கா என்றால் பற்பசை. நடத்தியவர் அமீன் சயானி. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாவைக் கொழும்புக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்தில் ஏழு பாட்டைப் போட்டு நேயர்களையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதம் வந்ததாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார். கடிதம் எண்ணி முடியாமல் போனதும், இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையையும் நேயர் சங்கங்களின் வாக்கையும் வைத்துப் படி படியாக அறிவித்தார்கள். சயானி 2024 பெப்ரவரியில் காலமானார். அந்தக் குரலைப் பற்றி இன்னும் எழுதலாம், ஆனால் பிள்ளையின் கேள்வி வேறு.

எங்கட பாட்டுக்கு யார் நம்பர் போட்டது?

தமிழ்ப் பொப்பிசை இங்கே நித்தி கனகரத்தினத்தோடு தலையெடுத்தது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து, 1977இல் இளையராஜா இசையமைத்த ஒரு தமிழ்ப் படத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு இன்னும் கிட்ட, குடாவுக்கு அந்தப் பக்கம், திருகோணமலையில் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களின் இசைக்குழு. பின்னால் கம்பனி இல்லை, சினிமா இல்லை. பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' இசைத்தட்டை ஈழத்தின் முதல் தமிழ் மெல்லிசைத் தட்டு என்று பலர் சொல்வார்கள். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் தமிழகச் சரக்குக் குறைந்தபோது, உள்ளூர்க் கலைக்கு ஒரு மூச்சு கிடைத்ததும் உண்மை.

ஆனால் இவற்றுக்கு ஒரு வரிசை எண்ணும் இல்லை. வரிசை எண் போட விற்பனைக் கணக்கு வேண்டும், கணக்கு எடுக்க ஒரு பற்பசைக் கம்பனியாவது வேண்டும். இருந்ததெல்லாம் நேயர் விருப்பத்துக்குப் போன தபாலட்டைகள்தான். அதில் ஊர்ப் பெயரோடு தன் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்த ஆட்கள் மூதூரிலும் இருந்தார்கள், தோப்பூரிலும் இருந்தார்கள். எங்கட வாப்பாவும் ஒருத்தர். பெயர் வந்த நாளில் தெருவுக்கே தேத்தண்ணி ஊற்றினாராம். உம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அவரைக் கிண்டல் பண்ணுவார்.

அந்த ரேடியோவும் கெசட் பெட்டியும் 2006 ஓகஸ்டில் வீட்டோடு போனது. மூதூரிலிருந்து நாங்கள் கந்தளாய்க்கு நடந்தோம். அதற்குச் சில மாதம் முன்பே சம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சனம் வெருகல் பக்கம் போயிருந்தது. திரும்பி வந்து கூரைத் தகட்டைத் தேடியவர்கள்தான் அதிகம், பாட்டுத் தட்டைத் தேடினவர் யார்?

பிள்ளைக்கு நாங்கள் சொன்னது, "முதலாவது வந்ததா எண்டு தெரிய ஆரும் எண்ணயில்ல மகள்" என்பதுதான். அவள் அடுத்ததாகக் கேட்டாள்: "அப்ப இப்ப எண்ணலாமே சேர்?"

மூதூர், கிண்ணியா, திருகோணமலை, சேனையூர் ஆட்கள் இதை வாசித்தால், வீட்டுப் பரணில் அந்தக் காலத்து உள்ளூர் இசைத்தட்டோ கெசட்டோ கிடக்கிறதா என்று பாருங்கள். லேபலைப் படம் பிடித்துக் கீழே போடுங்கள். பாட்டு ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பெயரும் வருடமும் வாசிக்கத் தெரிந்தால் போதும். பிள்ளைகள் கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.