ஆரன் பெக்கும் ஸ்டோயிக் மூலமும்: ஒரு மறுவாசிப்பு

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பலரும் ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெட்டஸிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்த வம்சாவளியை முழு நூலாக நிறுவ முயன்றவர் டொனால்ட் ராபர்ட்சன். 2010-இல் வெளிவந்த அவரது நூல், மறக்கப்பட்டிருந்த சுவிஸ் மருத்துவர் பால் துபுவாவை மீட்டுத் தந்தது. 1904-இலேயே நோயாளியின் பகுத்தறிவோடு பேசிச் சிகிச்சையளிக்க முனைந்தவர் துபுவா. அந்த மீட்பு பெரும்பணி. ஆனால் அதே வரிசையில், அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக்கையும் ராபர்ட்சன் நிறுத்துவதை ஏற்க இயலவில்லை.

அவருக்கு வலுவான சான்றுகள் இரண்டு. ஒன்று, எபிக்டெட்டஸுக்குத் தாம் பட்ட கடனை பகுத்தறிவு உணர்ச்சிச் சிகிச்சையை உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸ் வெளிப்படையாகச் சொன்னது, இதில் மறுப்பில்லை. மற்றது, பெக்கும் ரஷ், ஷா, எமரி ஆகியோரும் 1979-இல் எழுதிய மனச்சோர்வுச் சிகிச்சை நூல், தம் முறையின் தத்துவ மூலம் ஸ்டோயிக்குகள் என்று கூறுவது. அது, முறை வளர்ந்து நிலைபெற்ற பின் எழுதப்பட்ட கூற்று. முன்னோரைப் பின்னாளில் அடையாளம் காண்பது வேறு, அவர்களிடமிருந்து தொடங்குவது வேறு.

தொடக்ககாலத் தடயங்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. 1959-இல் பெக்கும் ஹர்விச்சும் மனச்சோர்வுற்ற 6 பேரின் கனவுகளை மற்ற 6 நோயாளிகளின் கனவுகளோடு ஒப்பிட்டார்கள். அவர்கள் சோதித்தது ஃப்ராய்டிய மரபின் கருதுகோளை. கனவுகளில் மிகுந்திருந்த ஏமாற்றத்தையும் தோல்வியையும் தன்னைத்தானே துன்புறுத்தும் வேட்கையாக முதலில் கண்ட பெக், நோயாளி தன்னைப் பார்க்கும் பார்வையே அது என்ற முடிவுக்குப் பின்னர் வந்தார். 1963-ஆம் ஆண்டுக் கட்டுரை, மனச்சோர்வுற்ற 50 பேரின் பேச்சை அந்நோயில்லாத 31 பேரின் பேச்சோடு வைத்து, ஆதாரமின்றி முடிவுகட்டல், ஒன்றைக்கொண்டு எல்லாவற்றையும் பொதுமைப்படுத்தல் போன்ற சிந்தனைப் பிழைகளை வகுத்தது.

இங்கே ஒரு பாடபேதத்தைக் கவனிக்க வேண்டும். தாமாகவே மனத்தில் எழும் தானியங்கி எண்ணங்களைப் பெக் கண்டறிந்த நிகழ்வு இரு வடிவங்களில் வழங்குகிறது. பெக்கின் 1976 நூலில் வருபவர் ஓர் ஆண். சிகிச்சையாளரைச் சினந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, அவருக்குள் தன்னைக் கடிந்துகொள்ளும் எண்ணங்கள் இணையாக ஓடுகின்றன. அவர் மகள் ஜூடித் பெக்கின் 2011 நூலில் வருபவர் ஒரு பெண். தன் பாலுறவு அனுபவங்களைச் சொல்லிவந்தவர் பதற்றமுறுகிறார். மருத்துவர் தன்னைக் குறைகூறுவார் என்பதல்ல, அவருக்குத் தன் பேச்சு சலிப்பூட்டுகிறதோ என்பதே அவர் அச்சம். இவை இரு வேறு நிகழ்வுகளாக இருக்கலாம், ஒரே நினைவு உருமாறியதாகவும் இருக்கலாம். காலத்தையும் 1959-க்கும் 1963-க்கும் இடையே என்று தோராயமாகவே வைக்க முடிகிறது. ஆயினும் இரண்டிலும் மாறாத ஒன்று உண்டு: உளப்பகுப்பாய்வு அறையில், மருத்துவர் எதிர்பார்த்திராத ஒன்றை நோயாளியே சொல்கிறார். தத்துவ நூல் எதுவும் அங்கே இல்லை.

ராபர்ட்சன் தரப்பில் ஒரு மறுமொழி சாத்தியம். நம் இசைவுக்கு முன்பே எழும் உள்ளசைவுகளைச் சினம் பற்றிய நூலில் ஸ்டோயிக்கான செனகாவும் பேசுகிறார். தானியங்கி எண்ணத்துக்கு அது மிக அருகில் வருகிறது. எல்லிஸின் 1962 நூல் வழியாக ஸ்டோயிக் சாயல் மறைமுகமாகப் பெக்கை எட்டியிருக்கலாம் என்பதையும் முற்றாக ஒதுக்க மாட்டேன். ஆனால் ஒப்புமை மட்டும் வழிவழித் தொடர்புக்குச் சான்றாகாது.

இது வெறும் வம்சாவளிப் பூசலன்று. துபுவா நோயாளியை வாதிட்டு இணங்கவைத்தார். பெக்கோ, “நான் எதற்கும் உதவாதவன்” என்ற எண்ணத்தைச் சோதிக்க வேண்டிய கருதுகோளாகக் கொண்டு, அதற்குச் சார்பாகவும் எதிராகவும் உள்ள சான்றுகளை நோயாளியோடு சேர்ந்து தேடினார். பெக்கை ஸ்டோயிக் சீடராக்கினால் இந்த வேறுபாடு மறைந்து, சிகிச்சை வெறும் அறிவுரையாகத் தோன்றிவிடும். துன்பத்திலிருப்பவர்க்கு அது இழைக்கும் தீங்கு சிறிதன்று.

எல்லிஸ் வரையில் ராபர்ட்சனின் வம்சாவளி நிற்கும். பெக்கின் வரலாற்றை 1959-இன் கனவு ஆய்விலிருந்தே எழுத வேண்டும்.