வாக்குத் தகராறும் எண்ணெய்த் தடையும்: சென்னையிலிருந்து ஓர் ஆய்வு

முன்னுரை

எண்ணெய் வளமுள்ள நாடொன்றில் தேர்தல் முடிவின்மீது ஐயம் எழுந்தால், வெளிநாட்டு வல்லரசுகளின் வாயிலிருந்து முதலில் வருவது பொருளாதாரத் தடை என்ற எச்சரிக்கைதான். அந்நாட்டு மக்களின் வாக்குரிமையைக் காக்கவே தடை என்பது அவர்கள் சொல்லும் நியாயம். ஈரானின் 2009 தேர்தலையும், வெனிசுவேலாவின் 2018, 2024 தேர்தல்களையும் கொண்டு அந்த நியாயத்தை இக்கட்டுரை சோதிக்கிறது.

தேர்தல் மோசடிக்குத் தண்டனை வேண்டும் என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை. ஆனால் அத்தண்டனையை எண்ணெய் வணிகத்தின்மீது சுமத்தும்போது இரண்டு தீங்குகள் விளைகின்றன. வாக்காளரின் கோரிக்கை வேறு பேரங்களுக்கு இடையே கரைந்துபோகிறது. குற்றத்தில் பங்கில்லாத மூன்றாம் நாடுகள் அதன் செலவைச் சுமக்கின்றன. இந்தத் தடைகளைச் சொல்லில் மறுத்துக்கொண்டே செயலில் ஏற்றுவந்திருக்கிறது இந்தியா. இந்த நிலை மாற வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மணலியும் தெஹ்ரானும்

ஈரான்மீதான தடை சென்னைக்கு அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் தலைமை அலுவலகம் கொண்டுள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அப்போது 74 விழுக்காடு பங்கு இந்திய அரசிடம் இருந்தது. எஞ்சியதை அமெரிக்காவின் ஆமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் ஆளுக்கு 13 விழுக்காடாகப் பிரித்துக்கொண்டன. 1969-இல் அந்நிறுவனத்தின் மணலி சுத்திகரிப்பு ஆலை ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் இயங்கத் தொடங்கியபோது, ஈரானின் டேரியஸ் வயல் கச்சா எண்ணெயை மனத்தில் வைத்தே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. இன்று அதன் திறன் 1 கோடியே 5 லட்சம் டன். 1985-இல் ஆமோகோ வெளியேறியது. 2000-2001 வாக்கில் அரசின் பங்கு இந்தியன் ஆயில் கைக்கு மாறியது. ஈரானியப் பங்கு மட்டும் நிலைத்தது. நாஃப்டிரான் இன்டர்டிரேட் என்ற நிறுவனத்தின் பெயரில் 15.4 விழுக்காடு இருக்கிறது.

வாஷிங்டனும் தெஹ்ரானும் ஒரே ஆலையில் பங்காளிகளாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதற்கு மணலி சாட்சி. பின்னாளில் ஒரு பங்காளியின் நாடு மற்றப் பங்காளியின் நாட்டைத் தடைப்பட்டியலில் சேர்த்தபோது, தகராறில் எந்தக் கட்சியும் சாராத மூன்றாமவர்தான் கணக்கு வழக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

2009: தேர்தலுக்கு ஒரு தடை, அணுவுக்கு ஒரு தடை

2009 ஜூன் 12 அன்று நடந்த அதிபர் தேர்தலில் மஹ்மூத் அஹ்மதினெஜாத் சுமார் 63 விழுக்காடும், மீர் ஹுசைன் மூசவி சுமார் 34 விழுக்காடும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் தங்கள் வாக்கு எங்கே என்று கேட்டுத் தெருவுக்கு வந்தனர். சில ஊர்களில் தகுதியுள்ள வாக்காளர்களைவிடப் பதிவான வாக்குகள் அதிகம் என்பதை தேர்தலை மேற்பார்க்கும் அந்நாட்டுக் காவலர் மன்றமே ஒப்புக்கொண்டது. எனினும் பத்தில் ஒரு பங்கு பெட்டிகளை மட்டும் மறுபடி எண்ணி, முடிவு சரியே என்று அது உறுதி செய்தது. போராட்டம் துப்பாக்கியாலும் சிறையாலும் அடக்கப்பட்டது.

இதற்கு வெளியுலகம் அளித்த பதிலை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2010 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் 13553-ஆம் எண் ஆணை, தேர்தலுக்குப் பிந்தைய அடக்குமுறைக்குப் பொறுப்பான 8 அதிகாரிகளின் சொத்துகளை முடக்கியது. 2011 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் 32 பேரைப் பட்டியலிட்டது. இவை ஆள்மீதான தடைகள். எண்ணெய்மீதான தடைகளுக்குக் காரணம் வேறு. 2010 ஜூன் மாதத்தில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1929-ஆம் தீர்மானம், 2011 டிசம்பர் 31-இல் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், 2012 ஜூலை 1 முதல் ஐரோப்பியக் கொள்முதல் தடை ஆகியவை அணுசக்தித் திட்டத்தைக் குறிவைத்தவை. இடையில் 2010 ஜூலையில் வந்த அமெரிக்கச் சட்டம் பெட்ரோல் விநியோகத்தையும் மனித உரிமை மீறலையும் ஒரே ஏட்டில் கட்டிவைத்தது. அன்று முதல் பொதுமக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே பதிந்தன.

ஒன்றல்ல என்பது தடை நீங்கிய நாளில் தெரிந்தது. 2016 ஜனவரி 16 அன்று, அணு ஒப்பந்தத்தின்படி எண்ணெய்த் தடைகள் விலக்கப்பட்டன. மூசவியும் அதே தேர்தலில் போட்டியிட்ட மெஹ்தி கரூபியும் அன்றும் வீட்டுக்காவலில்தான் இருந்தனர். 2011 பிப்ரவரியில் பூட்டப்பட்ட கதவு திறக்காமலேயே குழாய்கள் திறந்தன. எண்ணெயைக் கொண்டு நடந்த பேரத்தில் ஈரானிய வாக்காளர் ஒரு தரப்பாகவே இருக்கவில்லை.

செலவைச் சுமந்தவர்கள்

2010 டிசம்பர் இறுதியில், ஆசிய கிளியரிங் யூனியன் வழியாக ஈரானுக்கு எண்ணெய்ப் பணம் செலுத்துவதை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. அதன்பின் இந்திய நிறுவனங்கள் ஜெர்மனி, துருக்கி என ஒவ்வொரு வழியாகத் தேடின. 2012 முதல் 45 விழுக்காட்டுத் தொகை கொல்கத்தாவின் யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தப்பட்டது. அந்த ரூபாயைக் கொண்டு ஈரான் பாஸ்மதியும் தேயிலையும் மருந்தும் வாங்கியது. எஞ்சிய தொகை தேங்கியது. தடை நீங்கிய வேளையில் இந்திய ஆலைகள் ஈரானுக்குத் தர வேண்டியிருந்தது 600 கோடி டாலருக்கு மேல்.

பணத்தைவிடக் கடினமான முடிச்சு காப்பீடு. கப்பல்களுக்குக் காப்பீடு தந்துவந்த ஐரோப்பியச் சங்கங்கள் 2012-இல் விலகின. எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதும் காப்பீடும் ஈரானின் பொறுப்பு என்ற ஏற்பாட்டுக்கு இந்தியா அனுமதி தந்தது. அடுத்த ஆண்டில் ஈரான் எண்ணெயைக் காய்ச்சும் ஆலைகளுக்கே காப்பீடு கிடைக்குமா என்ற கேள்வி எழுந்தது. கொள்முதலைக் குறைத்துக் காட்டினால் 180 நாள் விலக்கு என்பது அமெரிக்கச் சட்டத்தின் நிபந்தனை. 2012 ஜூன் 11 அன்று இந்தியாவும் இலங்கையும் அவ்விலக்கைப் பெற்றன.

இலங்கையின் நிலை இன்னும் இக்கட்டானது. சப்புகஸ்கந்தை ஆலையும் மணலியைப் போலவே 1969-இல் தொடங்கி, ஈரானியக் கச்சா எண்ணெயையே பெரிதும் நம்பியிருந்தது. வாங்கிய எண்ணெய்க்கான கடன் சுமார் 25 கோடி டாலர், தடைகளால் கட்ட முடியாமல் நின்றது. 2021 டிசம்பரில், மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையை அனுப்பி அக்கடனைத் தீர்ப்பதாக இலங்கை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில்தான் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தெஹ்ரானுக்கும் வாஷிங்டனுக்கும் இடைப்பட்ட வழக்கின் ஒரு பகுதி, நுவரெலியாவிலும் அட்டனிலும் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்களின் உழைப்பால் தீர்க்கப்பட்டிருக்கிறது. தடைகளின் பலனை அளக்கும் ஆய்வுகள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெனிசுவேலா: சாவடித் தாள் சொன்ன சாட்சி

ஈரானில் தேர்தலும் எண்ணெய்த் தடையும் வெவ்வேறு காரணங்களில் நின்றன. வெனிசுவேலாவில் அவை நேரடியாகவே முடிச்சிடப்பட்டன. அப்போதைய அதிபர் நிக்கோலாஸ் மதுரோ வென்றதாகச் சொல்லப்பட்ட 2018 மே தேர்தலை ஏற்க மறுத்த அமெரிக்கா, 2019 ஜனவரி 28 அன்று அரசு எண்ணெய் நிறுவனமான பெடவேசாமீது தடை விதித்தது. 2023 அக்டோபரில் பார்படாசில் அரசும் எதிர்க்கட்சிகளும் நேர்மையான தேர்தலுக்கு உடன்பட்டதும் ஆறு மாதத் தளர்வு கிடைத்தது. எதிர்க்கட்சித் தலைவர் மரியா கொரினா மச்சாடோ போட்டியிட முடியாதபடி தடுக்கப்பட்டதும் 2024 ஏப்ரலில் அத்தளர்வு முடிந்தது.

2024 ஜூலை 28 தேர்தல் ஆய்வாளர்களுக்கு அரிய ஆதாரத்தைத் தந்தது. வெனிசுவேலாவின் வாக்கு இயந்திரம் ஒவ்வொன்றும் முடிவை ஒரு தாளில் அச்சிடும். சாவடியில் உள்ள கட்சி முகவர்களுக்கு அதன் நகல் உண்டு. எதிர்க்கட்சி ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான இயந்திரங்களின் தாள்களைத் திரட்டி வெளியிட்டது. அவற்றின்படி எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலஸுக்குச் சுமார் 67 விழுக்காடு, மதுரோவுக்குச் சுமார் 30. மதுரோவுக்குச் சுமார் 52 விழுக்காடு என அறிவித்த தேர்தல் மன்றம், சாவடிவாரி முடிவை வெளியிடவே இல்லை. இத்தேர்தல் உலகத் தரத்துக்கு உரியதல்ல என்று பார்வையாளராகச் சென்ற கார்ட்டர் மையம் அறிவித்தது.

இத்தாளின் அருமை சென்னை வாசகருக்கு எளிதில் விளங்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை 137 வாக்குகள். ஒரு தெருவின் வாக்காளர் பட்டியலுக்குக்கூட ஈடாகாத அந்த வித்தியாசம் முடிவாக நிலைப்பதற்கு அடித்தளம் சாவடியில் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை 17சி படிவத்தில் நிரப்பி, அதன் நகலை முகவர்களிடம் தருகிறார். எண்ணும் நாளில் அந்த எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று அவர்கள் பார்க்கலாம். ஐயம் தீராதவர் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். தேர்தல் தகராறைத் தீர்க்கும் இயல்பான வழி இதுதான்: சாவடி ஆவணம், மறு எண்ணிக்கை, சார்பற்ற நீதிமன்றம். காரகாசில் அடைக்கப்பட்டவை இந்த மூன்று வழிகளும்.

அவற்றைத் திறக்க எண்ணெய்த் தடை உதவியதா? அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனத்துக்கு 2022 நவம்பரில் தரப்பட்ட தனி உரிமம், மச்சாடோ தடுக்கப்பட்டபோதும் நீடித்தது. முடிவு பறிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஜூலைக்குப் பிறகும் அவ்வாண்டு முழுதும் நீடித்தது. 2024 செப்டம்பரில் தண்டிக்கப்பட்டவர்கள் 16 அதிகாரிகள். மாறாக, 2025 மார்ச்சில் வந்த அமெரிக்க ஆணை, வெனிசுவேலா எண்ணெயை வாங்கும் நாடுகளின் சரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி விதிக்கலாம் என்றது. வாங்குவோர் வரிசையில் இந்தியாவும் இருந்தது. சான் கிறிஸ்தோபல் வயலில் 40 விழுக்காடு பங்கு வைத்துள்ள ஓஎன்ஜிசி விதேஷுக்கு வர வேண்டிய ஈவுத்தொகை 50 கோடி டாலருக்கு மேல் அங்கேயே சிக்கியிருந்தது. வெனிசுவேலாவின் உற்பத்தி வீழ்ச்சி தடைக்கு முன்பே தொடங்கியது. அதற்கு அந்நாட்டு ஆட்சியின் சீர்கேடு முதற்காரணம். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் தன் நாட்டு நிறுவனத்துக்கு ஒரு கதவும் பிறர்க்கு ஒரு பூட்டும் வைக்கும் தடை, வாக்குரிமையின் பெயரைச் சொல்லும் தகுதியை இழக்கிறது.

எதிர்வாதம்: தடையே கூடாதா?

எண்ணெயைத் தொடாமல் விட்டால் சர்வாதிகாரிகள் தப்பிவிடுவார்கள் என்ற வாதம் வலுவானது. நைஜீரியா அதற்குச் சான்று. 1993 ஜூன் 12 தேர்தலில் எம்.கே.ஓ. அபியோலா முன்னணியில் இருந்தபோது ராணுவ ஆட்சி தேர்தலையே செல்லாததாக்கியது. 1994-இல் எண்ணெய்த் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். நைஜீரிய எண்ணெயை வாங்கிவந்த நாடுகளோ அதன்மேல் தடை போடவில்லை. அபியோலா 1998-இல் காவலிலேயே இறந்தார். தேர்தல் குற்றத்தின் அளவைவிட வாங்குவோரின் தேவையே தடையைத் தீர்மானிக்கிறது என்பதை ஈரானோடும் வெனிசுவேலாவோடும் இதை ஒப்பிடும் எவரும் உணர்வர்.

தடை எல்லாக் காலத்திலும் தவறு என்று இந்தியர் சொல்ல முடியாது. 1946-இல் தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை முதலில் துண்டித்த நாடு இந்தியா. நம் ஏற்றுமதியில் 5 விழுக்காட்டுக்கு மேல் அங்குதான் போய்க்கொண்டிருந்தது. அந்த இழப்பை நாமே ஏற்றோம். பின்னாளில் ஐ.நா.வில் நிறவெறி எதிர்ப்பு மையத்தை வழிநடத்திய இ.எஸ். ரெட்டி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று சோதனைகளைப் பெறலாம். பாதிக்கப்பட்ட மக்கள் தடையைக் கேட்டார்களா? எது நடந்தால் தடை நீங்கும் என்பது அவர்களின் உரிமையை வைத்தே சொல்லப்பட்டதா? தடை போடுபவர் தம் பங்குச் செலவை ஏற்கிறாரா? தென்னாப்பிரிக்கத் தடை மூன்றிலும் தேறுகிறது. ஈரானிய அதிகாரிகள்மீதான ஆள்தடையும் பெருமளவு தேறுகிறது. ஈரானிய எண்ணெய்த் தடை இரண்டாவதில் தோற்கிறது. வெனிசுவேலாவில் முதற்சோதனையிலேயே எதிர்க்கட்சியினர் பிளவுபட்டு நின்றனர். மூன்றாவதில் செவ்ரான் உரிமம் தடையைத் தோற்கடிக்கிறது.

முடிவுரை: இந்தியாவின் கடமை

ஐ.நா. தடைகளை மட்டுமே ஏற்போம், ஒரு நாடு தனித்து விதிப்பதை ஏற்கமாட்டோம் என்று 2018 மே மாதத்தில் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கூறினார். அந்த நிதியாண்டில் இந்தியா ஈரானிலிருந்து 2 கோடி டன்னுக்கு மேல் வாங்கியது. நவம்பரில் இந்தியா உட்பட 8 வாங்குவோருக்குத் தரப்பட்ட விலக்கு 2019 மே மாதத்தில் முடிந்ததும் கொள்முதல் அடியோடு நின்றது. கொள்கை காகிதத்தில் இருந்தது, கப்பல் வரவில்லை.

இதைச் சரிசெய்ய மூன்று செயல்கள் தேவை. முதலாவது, டாலரைச் சாராத கட்டண வழியும் உள்நாட்டுக் கப்பல் காப்பீடும் நெருக்கடி வந்தபின் தேடப்படாமல் நிலையான அமைப்புகளாக இருக்க வேண்டும். ஐரோப்பா ஈரானுக்காக 2019-இல் தொடங்கிய கட்டண அமைப்பு சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. வங்கிகளின் துணையில்லாத சட்டம் பயன்தராது என்பதே அதன் பாடம். இரண்டாவது, பிற நாட்டுத் தேர்தலைப் பற்றி இந்தியா காக்கும் மௌனம் முடிய வேண்டும். சாவடிவாரி முடிவை வெளியிடுங்கள் என்று காரகாசைக் கேட்பது தலையீடு அன்று. மக்களாட்சி நாடு ஒன்று சொல்ல வேண்டிய குறைந்தபட்சச் சொல் அது. மூன்றாவது, அதைக் கேட்கும் தகுதியை நாம் வீட்டிலேயே ஈட்ட வேண்டும். 17சி விவரங்களை உடனுக்குடன் பொதுவில் வைக்கும் கோரிக்கை 2024-இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் நிறைவேறவில்லை. முகவர் கையிலுள்ள தாளை வாக்காளர் அனைவரும் பார்க்கும் இடத்தில் வைப்பதற்கு நம் தேர்தல் ஆணையம் முன்வர வேண்டும்.

வாக்கு திருடப்பட்ட மக்களுக்கு உலகம் செய்யக்கூடிய பேருதவி, திருட்டுக்கான சான்றைப் பாதுகாப்பதும் திருடியவரைப் பெயர் சொல்லித் தண்டிப்பதும் ஆகும். எண்ணெயை நிறுத்துவது இவ்விரண்டில் எதையும் செய்வதில்லை. வாக்குரிமையின் பெயரால் வரும் எண்ணெய்த் தடையை, அந்த வாக்குரிமையின்மீது கொண்ட மதிப்பினாலேயே நாம் எதிர்க்க வேண்டும்.