தலைகீழ் வகுப்பறையும் சத்திரசிகிச்சைப் பயிற்சியும்

ஒஸ்லோவில் எனக்குப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை நடப்பதற்குச் சற்று முன்பு ஓர் இளம் பெண் வைத்தியர் வந்து கைகொடுத்தார். மூத்த நிபுணர் பக்கத்தில் நிற்க, ஒரு பகுதியைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். 'இதற்கு முன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பின்னர் அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி' என்பது சத்திரசிகிச்சை உலகின் பழைய வாசகம். அதில் முதல் தவறுகள் நோயாளியின் உடலிலேயே நிகழும்.

தலைகீழ் வகுப்பறை என்பது விரிவுரையை வீட்டுக்கும் வீட்டுப்பாடத்தை வகுப்புக்கும் மாற்றுவது. 2007 அளவில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு இரசாயன ஆசிரியர்கள் இதைப் பிரபலமாக்கினர். நோர்வேஜிய மொழியில் 'ஒம்வென்ட் உண்டர்விஸ்னிங்' என்பர். சத்திரசிகிச்சையில், உடற்கூறு, கருவிகள், படிமுறைகள், முடிச்சுப் போடும் விதம் எல்லாவற்றையும் பயிலும் வைத்தியர் முன்கூட்டியே வீடியோவில் பார்த்துவிடுவார். நிபுணருடன் கிடைக்கும் அரிய நேரம் முழுவதும் கைகளுக்கே.

துளைவழிச் சத்திரசிகிச்சையில் கை இடப்புறம் போனால் கருவியின் நுனி வலப்புறம் போகும். ஆழத்தைத் தட்டையான திரையில் ஊகிக்க வேண்டும். விரிவுரை இதைக் கற்பிக்காது. கமரா பொருத்திய பயிற்சிப் பெட்டியும் கணினிப் பாவனைக் கருவியும் கற்பிக்கும். 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 16 பயிற்சி வைத்தியர்கள் பங்குபற்றினர். பாவனைக் கருவியில் பயின்றவர்கள் பித்தப்பையை 29 சதவீதம் விரைவாகப் பிரித்தெடுத்தனர். மற்றவர்கள் பித்தப்பையையோ அருகிலுள்ள திசுவையோ காயப்படுத்தும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது.

நோர்வேயில் பயிற்சி வைத்தியர்களை 'லிஸ்' என அழைப்பர். அவர்களுக்கான புதிய நிபுணத்துவக் கல்வி முறையின் முதற்கட்டம் 2017இலும் அடுத்த கட்டங்கள் 2019 மார்ச்சிலும் தொடங்கின. அது கற்றல் இலக்குகளை அடிப்படையாகக் கொண்டது. இலக்கை எட்டியதை மேற்பார்வையாளர்கள் மதிப்பிட வேண்டும். அதற்கு அவர்கள் கைகளைப் பார்க்க நேரம் வேண்டும். தலைகீழ் முறை தருவது அந்த நேரத்தையே.

குறையும் உண்டு. இரவுக் கடமை முடித்தவர் வீடியோ பார்க்காமல் வந்தால் ஆசிரியர் மறுபடி விரிவுரைக்கே திரும்புவார். முன்தயாரிப்புக்கும் வேலைநேரம் ஒதுக்காவிட்டால் சுமை இடம்மாறியதே மிச்சம்.

அந்த இளம் வைத்தியரை இன்று சந்தித்தால் தயங்காமல் கேட்பேன்: 'பெட்டியில் எத்தனை முறை செய்தீர்கள்?' என்று.