மதத்தின் பெயரால் முப்பது ஆண்டுகள்

1618ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், பிராக் நகரக் கோட்டையின் மேல்மாடிச் சாளரத்தின் வழியாக மூவர் வெளியே தூக்கி எறியப்பட்டனர். இருவர் பேரரசின் ஆட்சிப் பிரதிநிதிகள். மூன்றாமவர் அவர்தம் செயலாளர். மூவருமே உயிர் தப்பினர். விண்ணவர் தாங்கிக் கொண்டனர் என்றனர் கத்தோலிக்கர். குப்பைமேடு தாங்கிக்கொண்டது என்றனர் புரட்டஸ்தாந்தர். அன்று மூண்ட போர் 1648 வரை நடு ஐரோப்பாவைச் சுட்டெரித்தது. மாண்டோர் தொகை 45 இலட்சம் முதல் 80 இலட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகின்றது. அவருள் வாளுக்கு இரையானோரிலும் பசிக்கும் கொள்ளைநோய்க்கும் இரையானோரே மிகப் பலர்.

இதனை 'மதப்போர்' என்னும் ஒரே சொல்லாற் குறித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வது எளிது. ஆயின் அச்சொல் எதை விளக்குகின்றது, எதை மறைக்கின்றது என்று வினவுவது வரலாறு கற்போர் கடமையாகும்.

போரின் தொடக்கத்தையே நோக்குவோம். பொகீமியாவின் புரட்டஸ்தாந்தப் பிரபுக்கள் கத்தோலிக்க ஹப்ஸ்பேர்க் மன்னரான இரண்டாம் பேர்டினன்டைத் தள்ளிவிட்டுக் கல்வின் மதத்தவரான ஐந்தாம் பிரெடெரிக்கை அரியணை ஏற்றினர். அவர்களை அடக்கப் பேரரசருக்குப் படையுதவி நல்கியோருள் சாக்சனியின் ஆட்சியாளர் ஜோன் ஜோர்ஜும் ஒருவர். அவரோ லூதர் மதத்தவர்! அவருக்குக் கிடைத்த கைம்மாறு லுசேஷியா என்னும் நிலப்பகுதி. 1620 நவம்பரில் வெண்மலைப் போரில் கிளர்ச்சி முறிந்தது. மறு ஆண்டு பிராக் நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்கள் கொல்லப்பட்டனர். அவருள் ஒரு கத்தோலிக்கரும் இருந்தார். அதனைத் தொடர்ந்து நிகழ்ந்த பறிமுதலில் அந்நாட்டுப் பிரபுக்களின் நிலத்தில் ஏறத்தாழப் பாதி கைமாறிற்று. சிலுவை முன்னே சென்றது. நில அளவுகோல் அதன் பின்னே சென்றது.

அந்நிலங்களை மலிவாக வாங்கிக் குவித்தவருள் முதன்மையானவர் வலன்ஸ்டைன். புரட்டஸ்தாந்தக் குடும்பத்திற் பிறந்து கத்தோலிக்கரானவர் அவர். பேரரசருக்காக அவர் திரட்டிய பெரும்படைக்குக் கடன் ஏற்பாடு செய்தவர் ஹான்ஸ் டி விற்றே என்னும் கல்வின் மதத்து வணிகர். கடனை மீட்கும் வழி யாது? படை தங்கும் ஊர்கள், நட்பாயினும் பகையாயினும், 'பங்களிப்பு' என்ற பெயரில் தண்டம் செலுத்தவேண்டும் என்பதே. 1630இல் வலன்ஸ்டைன் பதவி நீக்கப்பட்டதும் டி விற்றே கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார். 1634இல் வலன்ஸ்டைனைப் பேரரசரின் ஆட்களே கொன்றனர். மதப்பற்று எங்கே முடிகின்றது, வாணிகம் எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிய இயலாத நிலை இது.

பிரான்சின் கதை இன்னும் தெளிவானது. திருச்சபையின் கர்தினாலாகிய ரிஷலியு, 1627-28இல் லா ரொஷெல் நகரை முற்றுகையிட்டுப் புரட்டஸ்தாந்தரைப் பட்டினியால் பணியவைத்தார். அவரே 1631இல் சுவீடனின் லூதர் மதத்து மன்னர் கஸ்டாவஸ் அடோல்பசுக்கு ஆண்டுதோறும் 4 இலட்சம் தாலர் அளிக்க உடன்பட்டார். கத்தோலிக்கப் பேரரசரை எதிர்ப்பதற்கே அப்பணம். 1635இல் கத்தோலிக்கப் பிரான்சு கத்தோலிக்க ஸ்பெயின் மீது போர் தொடுத்தது. 1643இல் லூதர் மதத்துச் சுவீடன் லூதர் மதத்து டென்மார்க்கின் மீது படையெடுத்தது. இரு பக்கமும் ஒரே செபப்புத்தகம். இடையே கடலும் சுங்கமும்.

அங்ஙனமாயின் மதம் வெறும் போர்வை மாத்திரந்தானா? அவ்வாறு கூறுவதும் அவசர முடிபேயாம். முற்போக்காளர் சிலர் இவ்வெளிய விடையிற் காணும் மனநிறைவு உண்மைக்கு உதவாது. 1555இன் அவுக்ஸ்பேர்க் உடன்படிக்கை, ஆள்பவனின் மதமே குடிகளின் மதம் என விதித்திருந்தது. எனவே மதத்தைக் காப்பது என்பது, குடியானவனுக்குத் தன் வீட்டையும் ஊரையும் காப்பதாகவே இருந்தது. மேல் ஒஸ்திரியாவைப் பேரரசர் போர்ச்செலவுக்கு ஈடாகப் பவேரியாவிடம் அடகு வைத்தார். அங்கு 1625இல், கத்தோலிக்கக் குருவை ஏற்க மறுத்த கிராமத்தவர் சிலரை ஆளுநர் ஹேர்பர்ஸ்டோர்ப் இருவர் இருவராக நிறுத்தித் தாயம் உருட்டச் செய்தான், தோற்றவரைத் தூக்கிலிட்டான். அடுத்த ஆண்டு அந்நாட்டுக் குடியானவர் பெருந்திரளாக எழுந்தனர். அவர் முழக்கத்தில் வேதமும் இருந்தது, வரிச்சுமையும் இருந்தது. இரண்டையும் வேறாக்கிப் பார்ப்பவர் அவர்களை அறியாதவரே.

1648 ஒக்டோபரில் வெஸ்ட்பேலியாவில் சமாதானம் கைச்சாத்தாயிற்று. பிரான்சு அல்சேசில் உரிமை பெற்றது. சுவீடன் மேற்குப் பொமரேனியாவையும், தன் படைக்கென 50 இலட்சம் தாலரையும் பெற்றது. அப்பணத்தைச் செலுத்தியவர் பேரரசின் குடிமக்கள். எல்பே ஆற்றுக்குக் கிழக்கே, ஆள்குறைந்த நிலங்களிற் பண்ணையடிமைத் தளை மேலும் இறுகிற்று. பாப்பரசர் பத்தாம் இன்னொசென்ட் இச்சமாதானத்தைக் கண்டித்தார். அரசர் எவரும் செவிசாய்க்கவில்லை.

இப்பகையின் ஒரு கிளை நம் கரையையும் தீண்டியது. ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்த ஒல்லாந்தர், 1580 முதல் 1640 வரை ஸ்பானிய மன்னரின் கீழிருந்த போர்த்துக்கேயரின் கீழைத்தேயக் கோட்டைகளையும் தாக்கினர். 1658இல் யாழ்ப்பாணம் அவர் வசமாயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்திலேயே இங்கு வந்திறங்க நேர்ந்தது. ஆள்பவனின் மதமே குடிகளின் மதம் என்னும் விதி கப்பலேறி வந்த கதை அது.

1988இல் பேர்லின் நூலகமொன்றில் ஒரு போர்வீரனின் நாட்குறிப்புக் கண்டெடுக்கப்பட்டது. எழுதியவன் பீற்றர் ஹாகன்டோர்ப் என ஆய்வாளர் கண்டனர். 1631 மே மாதத்தில் மக்டபேர்க் நகரை அழித்து ஏறத்தாழ 20,000 பேரைக் கொன்ற பேரரசுப் படையில் அவனும் இருந்தான், அங்கே காயமுற்றான். பின்னர் சிறைப்பட்டுச் சுவீடனின் படையிற் சேவித்தான். அதன்பின் மீண்டும் பழைய படைக்கே திரும்பினான். நடந்த தூரத்தையும் உண்ட உணவையும் வழியிற் புதைத்த மனைவியையும் பிள்ளைகளையும் குறித்துவைத்தான். எம்மதத்துக்காகப் போரிட்டான் என்பதை அந்நாட்குறிப்பிலிருந்து அறிவது அரிது.

அரசர்களின் உடன்படிக்கைகளை மாணவர் மனனஞ் செய்யட்டும். அவற்றோடு இச்சிப்பாயின் கணக்கையும் அவர்முன் வைப்போமாக. மதத்தைக் காக்க வாரீர் என எவரேனும் அழைக்கும்போது, யாருடைய நிலம், யாருடைய கடன், யாருடைய பிள்ளைகள் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அப்போதே வாய்க்கும்.