டாம்கேட் வீட்டு டைரக்டரி

பகலில் இணையதளத்தில் நம் கணக்கைப் பார்க்கிறோம். இரவில் நாம் தூங்கும்போது வேறொரு புரோகிராம் தனியாக ஓடி வட்டி கணக்கிடுகிறது, பட்டியல் தயாரிக்கிறது. இரண்டும் தேடிப் போவது ஒரே டேட்டாபேஸைத்தான். அந்த டேட்டாபேஸின் விலாசத்தையும் பாஸ்வேர்டையும் எங்கே எழுதி வைப்பது? கணினிப் பிரிவில் வேலை பார்த்த என் போன்றவர்களுக்கு இது பல வருடத் தலைவலி.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் ஜாவா மொழியை வெளியிட்டது. ஆரம்ப நாட்களில் பலர் விலாசம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். பாஸ்வேர்டு மாறினால் புரோகிராமைத் திருத்தி மறுபடியும் கம்பைல் செய்ய வேண்டும். இதற்கு மாற்றாக சன் கொண்டுவந்த ஏற்பாடுதான் ஜே.என்.டி.ஐ. நம் காலத்து டெலிபோன் டைரக்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் போதும், இணைப்பு கிடைக்கும். 1999 டிசம்பரில் வந்த ஜே2இஇ தரத்தில் இதுவும் இடம்பெற்றது.

அதே 1999இல், சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய சர்வர் அப்பாச்சி அமைப்புக்கு வழங்கப்பட்டது. அதுதான் டாம்கேட். காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் ஊரெங்கும் பரவியது. அதன் அமைப்புக் கோப்பில் 'ரிசோர்ஸ்' என்று ஒரு பதிவு எழுதி, டேட்டாபேஸுக்கு ஒரு பெயர், விலாசம், பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் போதும். டாம்கேட் கிளம்பும்போது அதைப் படித்து டைரக்டரியைத் தயார் செய்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த டைரக்டரி டாம்கேட் வீட்டுக்குள் மட்டுமே இருந்தது. இரவில் தனியாக ஓடும் புரோகிராம் அதே பெயரைக் கேட்டால், 'நோ இனிஷியல் கான்டெக்ஸ்ட்' என்று பிழைச் செய்தி வரும். டைரக்டரியே இல்லை என்று அர்த்தம். அவசரத்தில் பலரும் செய்தது, அதே விவரங்களை இன்னொரு கோப்பில் நகல் எடுத்து வைத்ததுதான்.

பாஸ்வேர்டு மாறும் நாளில் ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், பகலில் எல்லாம் நன்றாக நடக்கும், நடுராத்திரியில் வேலை நின்றுபோகும். அதாவது பரவாயில்லை, நின்றது தெரிந்துவிடும். இணையதளத்தைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டு, இரவு புரோகிராமுக்குச் சொல்லாமல் விட்டால்? பழையது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. வட்டி பழைய டேட்டாபேஸில் ஏறும், வாடிக்கையாளர் புதியதைப் பார்ப்பார்.

விவரம் தெரிந்தவர்கள் நகல் எடுக்கவில்லை. தனிப் புரோகிராம் தொடங்கியதும் டாம்கேட்டின் அதே கோப்பைப் படித்து, 'ரிசோர்ஸ்' விவரங்களை எடுத்து, நினைவகத்தில் ஒரு சின்ன டைரக்டரி அமைத்து, அதே பெயரில் பதிவு செய்யும்படி எழுதினார்கள். மற்ற நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். ஆனால் பாஸ்வேர்டு உள்ள கோப்பை இரவு புரோகிராமும் படிக்க அனுமதி தர வேண்டும். அதை யாருக்குத் தருவது என்பதில் கவனம் தேவை.

2004 மார்ச்சில் ஸ்பிரிங் முதல் பதிப்பு வந்தது. ராட் ஜான்சன் தொடங்கிய அந்த வழியில், புரோகிராம் இணைப்பைத் தேடிப் போகாது. இணைப்பை வெளியிலிருந்து அதன் கையில் கொடுப்பார்கள். அதனால் ஒரே நிரல் சர்வரிலும் ஓடியது, தனியாகவும் ஓடியது. 2011இல் ஹெரோகு நிறுவனத்தார் எழுதிய 'பன்னிரண்டு அம்சங்கள்' என்ற வழிகாட்டி, இந்த விவரங்களை இயங்கும் சூழலிலேயே வைக்கச் சொன்னது. இன்று புதிதாக எழுதுபவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய டாம்கேட் கோப்புகளும் பல அலுவலகங்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் இளைஞர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "தம்பி, இரவில் ஓடும் புரோகிராம் எந்தக் கோப்பைப் பார்க்கிறது?"